ஆமிஷ் வீட்டில் கரண்ட் இல்லை, ஆனால் மிக்ஸி ஓடுகிறது: எப்படி, ஏன்?

கேள்வி இதுதான்: "ஆமிஷ்காரர்கள் மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கூரையில் சோலார் பேனல் இருக்கிறது, வாடகை வேனில் ஏறிப் போகிறார்கள், பட்டறையில் டீசல் இன்ஜின் ஓடுகிறது. எதை ஏற்பது, எதை விடுவது என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? இது வெறும் வேஷம் இல்லையா?"

வேஷம் இல்லை. ஆமிஷ் என்பது அமெரிக்காவில் வாழும், புதுக் கருவிகளை யோசித்து யோசித்தே ஏற்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் லான்காஸ்டர் பக்கம் வேலை விஷயமாக ஐந்து வருடம் இருந்தேன், நான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த சோள வயல் ஓர் ஆமிஷ் குடும்பத்துடையது. போன புதிதில் எனக்கும் இதே எரிச்சல்தான் வந்தது. "கார் ஓட்டுவது பாவம் என்றால் கார் ஏறுவது மட்டும் எப்படிச் சரி?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்புறம்தான் புரிந்தது, காரையோ கரண்டையோ அவர்கள் பாவம் என்று சொல்லவே இல்லை. ஒரு பொருளைப் பார்த்ததும் நமக்கு முதலில் தோன்றுவது இது பழசா புதுசா, என்ன விலை, வேலை மிச்சமாகுமா என்பதுதான். அவர்கள் கேட்பது, இது நம் வீட்டுக்குள் வந்தால் பத்து வருடம் கழித்து நாம் எப்படி இருப்போம், பக்கத்து வீட்டுக்காரன் நமக்குத் தேவைப்படுவானா, பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருப்பார்களா என்று. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், முரண்பாடு மாதிரித் தெரிவதில் முக்கால்வாசி நேராகிவிடும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில், விவரம் தெரிந்த வயதில் தானே முடிவெடுத்துத்தான் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று சொன்னதற்காகத் துரத்தப்பட்ட கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று உண்டு. 1693-இல் அதிலிருந்து யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் பிரிந்து போனவர்கள்தான் ஆமிஷ். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியா வந்தார்கள், ஐரோப்பாவில் இன்று ஆமிஷ் சபை ஒன்றுகூட மிச்சமில்லை. அமெரிக்காவில் இப்போது 4 லட்சம் பேர், சுமார் 20 வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அழிந்து கொண்டிருக்கும் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். வெளியாள் எல்லோருமே அவர்களுக்கு "இங்கிலீஷ்"தான், தமிழனான என்னையும் சேர்த்து.

இப்போது முடிவெடுக்கும் விதம். இவர்களுக்கு மேலிடம் என்று எதுவும் கிடையாது, தலைமை அலுவலகமும் கிடையாது. 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை, இப்படிச் சுமார் 3,000 சபைகள். தேவாலயக் கட்டடம்கூடக் கிடையாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டிலோ கொட்டகையிலோ பெஞ்சு போட்டு ஆராதனை நடத்துவார்கள். போதகரைத் தேர்ந்தெடுப்பது சீட்டுப் போட்டு: சபையார் பெயர் சொன்னவர்கள் வரிசையாக உட்கார, முன்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைப்பார்கள், ஒரே ஒரு புத்தகத்துக்குள் வசனம் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும், அதை எடுத்தவர்தான் போதகர். சம்பளம் இல்லை, படிப்பு இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அப்படி வந்த போதகர்களிலிருந்து மறுபடி சீட்டுப் போட்டுத்தான் பிஷப் வருவார். பதவிக்கு ஆசைப்பட்டவன் யாரும் அந்த இடத்துக்கு வந்துவிட முடியாது.

சபையின் ஒழுங்குக்கு ஓர்ட்னுங் என்று பெயர். பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. வருடத்தில் இரண்டு முறை, திருவிருந்துக்கு (சபையார் சேர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனைக்கு) முந்தைய கூட்டத்தில், பிஷப் அதை வாயால் சொல்லுவார், உடை இப்படி, வண்டி இப்படி, இந்த இந்தக் கருவி வேண்டாம் என்று. ஞானஸ்நானம் வாங்கிய ஆணும் பெண்ணும் ஒவ்வொருவராகத் தங்களுக்குச் சம்மதமா என்று சொல்ல வேண்டும். மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்க்காமல் திருவிருந்து நடக்காது. சில சமயம் மாதக்கணக்கில்கூடத் தள்ளிப்போகும். ஒரு புதுக் கருவி இந்தக் கூட்டத்துக்கு வந்து சேரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரோ ஒருவர் முதலில் வாங்கிவிடுவார். மற்றவர்கள் உடனே பாய மாட்டார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் பார்ப்பார்கள். அந்த வீட்டில் என்ன மாறுகிறது, அந்த ஆள் எப்படி ஆகிறார், பக்கத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்றெல்லாம். தொந்தரவு இல்லை என்றால் யாரும் எதுவும் சொல்லாமல் அது பழக்கமாகிவிடும். தொந்தரவு என்றால் "இதை விட்டுவிடு" என்ற சொல் வரும், விடவும் வேண்டும். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் ஒரு சமூகத்திடம் இருக்கிறது, அதற்கு ஜனங்கள் கட்டுப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம். நம்மில் யாருக்கு அப்படி ஒரு பின்வாசல் இருக்கிறது?

பட்டறை ஒன்றை உள்ளே போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜை செய்யக் கொடுத்திருந்தேன், அளவு சொல்வதற்காகப் போனேன். லான்காஸ்டரில் நிலம் விலை ஏறிப்போய், இன்று பெரும்பாலான ஆமிஷ் ஆண்கள் விவசாயத்தில் இல்லை. தச்சு, கட்டட வேலை, சின்னத் தொழிற்கூடம் என்று போய்விட்டார்கள். உள்ளே நுழைந்தால் கூரைக் கண்ணாடி வழியாக வெயில், மரத்தூள் வாசனை, பின்பக்கக் கொட்டகையிலிருந்து டீசல் இன்ஜினின் தடதடப்பு. எந்த மெஷினிலும் வயர் இல்லை, எல்லாவற்றிலிருந்தும் ரப்பர் ஹோஸ் தொங்கியது. இன்ஜின் கம்ப்ரசரை ஓட்டுகிறது, கம்ப்ரசர் பெரிய டேங்கில் காற்றை அடைக்கிறது, அந்தக் காற்றில்தான் ரம்பம், துளைபோடும் மெஷின், தேய்க்கும் மெஷின் எல்லாம். கடையில் வாங்கிய மெஷினிலிருந்து மின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டார் மாட்டித் தருவதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். இதை ஆமிஷ் கரண்ட் என்றே சொல்வார்கள். அதே காற்றுக்குழாய் வீட்டுக்குள்ளும் போகிறது. சமையலறை மேடையில் ஒரு மிக்ஸி, அடியில் காற்று மோட்டார். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடியது. மேஜை மேல் இருந்த விளக்கு, தச்சர்கள் வைத்திருக்கும் டிரில்லின் பேட்டரியில் எரியும் எல்.இ.டி.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில் ரோட்டில் போகும் கம்பத்திலிருந்து ஒரு லைன் இழுத்துவிடலாமே என்று கேட்டேன். அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "காற்றில் ஓடும் டி.வி.யை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் 1919, 1920 வாக்கில் லான்காஸ்டர் சபைகள் எடுத்த முடிவு முழுக்க இருக்கிறது. பொதுக் கம்பி மின்சாரம் வேண்டாம், பேட்டரி இருக்கட்டும் என்று அப்போது முடிவானது. அன்றைக்கு ரேடியோவே வீடுகளுக்கு வந்திருக்கவில்லை, டி.வி.யைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் கம்பி உள்ளே வந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் வாசலில் நின்று சண்டை போட முடியாது, சுவரில் ஒரு ஓட்டை இருக்கும், எது வேண்டுமானாலும் அதில் செருகலாம் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பேட்டரியும் காற்றும் அப்படியில்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக யோசித்து, கஷ்டப்பட்டு, செலவு செய்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கஷ்டம்தான் வேலி. சோலார் பல இடங்களில் சுலபமாக நுழைந்ததற்கும் காரணம் இதுதான், வெளிக்கம்பி எதுவும் இல்லை, கூரையில் விழும் வெயில் அந்த வீட்டோடு முடிந்துவிடுகிறது.

காருக்கு வருவோம். சொந்தமாக வைத்துக்கொள்வது வேறு, ஏறிப் போவது வேறு என்று அவர்கள் கோடு போட்டு 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. குதிரை வண்டியில் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதனால் சபையார் அந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்கிறார்கள், கடை, பள்ளிக்கூடம், சொந்தக்காரர் எல்லாம் அதற்குள். கார் வாங்கினால் வட்டம் கலைந்துவிடும், ஆளாளுக்கு ஒரு பக்கம் வேலைக்குப் போவார்கள், காரின் பெயரில் யார் பெரியவர் என்ற போட்டியும் வரும். ஆனால் ஒரு சாவுக்கு 200 மைல் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் "இங்கிலீஷ்" டிரைவருக்குக் காசு கொடுத்து வேன் பிடிப்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஃபோன் செய்து, மைலுக்கு இவ்வளவு என்று பேசி, இன்னும் நாலு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அவசியமில்லாத பயணம் தானாகக் குறைகிறது. லான்காஸ்டரில் சைக்கிளுக்கும் தடை, காலால் உதைத்துத் தள்ளும் பெரிய சக்கர ஸ்கூட்டர்தான். காரணம் அதே: சைக்கிளில் ரொம்ப தூரம் போய்விடலாம். ஒஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) சைக்கிள் உண்டு, இப்போது பேட்டரி சைக்கிளே தெருவெல்லாம் ஓடுகிறது, அங்குள்ளவர்கள் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

டிராக்டரைக் கொட்டகைப் பக்கம் நிறுத்தி இன்ஜினாக ஓட்டலாம், வயலில் உழக் கூடாது. உழவுக்கு இறக்கினால் நாளைக்கு ரோட்டில் கடைக்குப் போகவும் அதுவே ஆகிவிடும், அப்புறம் அது காரேதான் என்பது ஒன்று, ஒருவனே 200 ஏக்கர் ஓட்டுவான், பக்கத்தில் நாலு குடும்பம் நிலமில்லாமல் நிற்கும் என்பது இன்னொன்று. அதனால்தான் அதற்கு இரும்புச் சக்கரம். ரப்பர் டயர் போட்டால் வேகமாகப் போகலாம், வேகமாகப் போகலாம் என்றால் போவார்கள். நான் பார்த்து ரசித்த காட்சி ஒன்று: வைக்கோல் கட்டும் மெஷின், அதன் மேலேயே ஒரு இன்ஜின் கட்டுகளைக் கட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது, முன்னால் இழுப்பதோ நாலு கோவேறு கழுதைகள். பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் வேலையின் பாரம் குறைந்துவிட்டது, நிலத்தின் அளவோ கழுதையின் நடைக்குள்ளேயே நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பால் தொட்டி. 1960-களின் கடைசியில் பால் கம்பெனிகள், இனிமேல் கேனில் பால் எடுக்க மாட்டோம், ஒவ்வொரு பண்ணையிலும் குளிரூட்டும் எஃகுத் தொட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டன. தொட்டிக்குக் கரண்ட் வேண்டும். பாலை விட்டால் பண்ணை போய்விடும், பண்ணை போனால் அப்பா வேலைக்கு எங்கோ போவார், பிள்ளைகள் கூட வேலை செய்து வளர்வது போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம். லான்காஸ்டர் பிஷப்கள் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். முடிவில் தொட்டி வந்தது, அவர்கள் சொன்ன விதத்தில். குளிர்விப்பது டீசல் இன்ஜின், பாலை அவ்வப்போது கலக்கும் கைக்கு மட்டும் 12 வோல்ட் பேட்டரி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை லாரி வரவே கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு இயந்திரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைப் பாருங்கள். கம்பெனியும் ஒத்துக்கொண்டது. அந்த டீசல் இன்ஜின்தான் பிறகு கறவை மெஷினையும் கம்ப்ரசரையும் ஓட்டி, நான் பார்த்த பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எல்லோரும் இதை ஏற்கவும் இல்லை. கடுமையான சபைகள் இன்றும் கேனில் ஊற்றிப் பாலாடைக்கட்டி ஆலைகளுக்குத்தான் கொடுக்கின்றன, விலை குறைவு என்று தெரிந்தேதான்.

அதனால் "ஆமிஷ் இதைச் செய்ய மாட்டார்கள்" என்று ஒரே வரியில் யார் சொன்னாலும் எந்த ஊர், எந்தச் சபை என்று கேளுங்கள். லான்காஸ்டரில் குதிரை வண்டி சாம்பல் நிறம், ஒஹாயோவில் கறுப்பு. பென்சில்வேனியாவில் பிக் வேலி என்ற ஒரே பள்ளத்தாக்கில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று நிற வண்டி, மூன்றும் வேறு வேறு ஆமிஷ் பிரிவு. ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் என்ற மிகக் கடுமையான பிரிவினர் மெதுவாகப் போகும் வண்டி என்று காட்ட வண்டிக்குப் பின்னால் மாட்ட வேண்டிய ஆரஞ்சு முக்கோணத்தையே பகட்டு என்று மறுத்தார்கள். கென்டக்கியில் அபராதம் கட்ட மாட்டேன் என்று சிலர் ஜெயிலுக்கே போனார்கள். 2012-இல் அந்த மாநிலச் சட்டத்தைத் திருத்தி, முக்கோணத்துக்குப் பதில் ஒளியைத் திருப்பும் வெள்ளை டேப் ஒட்டினால் போதும் என்று விட்டார்கள்.

மருத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். நவீன மருத்துவத்துக்குப் பொதுவாகத் தடை இல்லை. சின்னக் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்து வந்ததால் சில பரம்பரை நோய்கள் அவர்களிடம் அதிகம். 1989-இல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர் லான்காஸ்டர் கவுண்டியில் ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் அந்தக் குழந்தைகளுக்காக ஒரு கிளினிக் தொடங்கினார். கட்டடத்தை ஆமிஷ் ஆட்களும், அம்மான் பிரிந்து வந்த அந்தப் பழைய கூட்டத்தின் வழிவந்த மெனோனைட் ஆட்களும் மரம் மரமாகத் தூக்கி நிறுத்தினார்கள். வாசலில் குதிரை கட்டியிருக்கும், உள்ளே மரபணுப் பரிசோதனை நடக்கும். பெரும்பாலோருக்குக் காப்பீடு கிடையாது, பெரிய பில் வந்தால் சபை சேர்ந்து கட்டும். அங்கே யாருக்கும் இது முரணாகத் தெரியவில்லை.

விலை இல்லாமல் இதெல்லாம் கிடைப்பதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடுகிறது, 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் 14 வயதுப் பெண்ணுக்கு இது கதவைச் சாத்துவதுதான். பெண்களுக்குச் சம்மதம் சொல்லும் உரிமை உண்டு, போதகராகும் உரிமை இல்லை. ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் சபை விலக்கு, சொந்த அம்மா கூட ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நிலை வரலாம். அந்த வலி நிஜம். அதே சமயம் ஞானஸ்நானம் யார் மீதும் சின்ன வயதில் ஏற்றப்படுவதில்லை. 16 வயதுக்குப் பிறகு சில வருடம் கொஞ்சம் தளர்வாக இருந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள், 100-க்கு 85 பேர் வாக்குக் கொடுத்துச் சபையில் சேர்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது எனக்கு இன்னும் சுலபமாக இல்லை.

கடைசியாக ஃபோன், ஏனென்றால் இன்றைய போராட்டம் அதில்தான் நடக்கிறது. 1910 வாக்கில் லான்காஸ்டரில் சில வீடுகளில் ஃபோன் வந்தது, அப்போது பல வீட்டுக்கும் ஒரே லைன், எடுத்தால் மற்றவர் பேசுவதும் கேட்கும். இரண்டு பெண்கள் மூன்றாவது ஒருத்தியைப் பற்றிப் பேச, அவள் அதைக் கேட்டுவிட்டாள் என்பது இன்றும் அங்கே சொல்லும் கதை. சண்டை சபை வரைக்கும் போனது, ஃபோனை வீட்டிலிருந்து அகற்றச் சொன்னார்கள். ஃபோனும் வேறு சில சச்சரவுகளும் சேர்ந்து அந்தக் காலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பேர் பிரிந்தே போனார்கள். பிறகு டாக்டரைக் கூப்பிட வேண்டுமே என்ற கவலை வந்தது, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குள் வேண்டாம், வயல் ஓரத்தில், பாதை முனையில், ஒரு சின்ன மரக் கூண்டு. நாலைந்து குடும்பத்துக்கு ஒரே ஃபோன். என் வீட்டுக்குப் பின்னால் இருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்: ஆள் நிற்கும் அளவு இடம், சுவரில் ஆணியில் தொங்கும் நோட்டு, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஜனவரிக் குளிரில் அங்கே நின்று யாரும் அரட்டை அடிக்க மாட்டார்கள். ஃபோன் அடித்தால் சாப்பாட்டு மேஜையில் கேட்காது.

ஸ்மார்ட்ஃபோனுக்கு இந்த மரக்கூண்டு உபாயம் பலிக்கவில்லை. சட்டைப் பைக்குள் இருப்பதைப் பாதை முனையில் எப்படி நிறுத்துவது? கட்டட வேலை எடுப்பவர்களுக்கு ஃபோன் இல்லாமல் வியாபாரம் இல்லை, இளைஞர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், பிஷப்களுக்கே என்ன சொல்வதென்று ஒரே கருத்து இல்லை. சில சபைகளில் பேச மட்டும் முடிகிற ஃபோன் சரி, சில இடத்தில் இணையம் இல்லாத, தட்டச்சுக்கும் கணக்குக்கும் மட்டுமான கம்ப்யூட்டர் சரி, சில இடத்தில் எதுவுமே கூடாது. மேஜை செய்து கொடுத்தவரின் மகன்கள் கூரை வேலைக்குப் போகிறவர்கள். காலையில் டிரைவர் வேனோடு வருவார், வேலைக்கான ஃபோன் அவருடையது, நாள் முழுக்க இவர்கள் அதில் பேசிக்கொள்வார்கள். சாயங்காலம் வேன் பாதை முனையில் நிற்கும், பையன்கள் டூல் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள், ஃபோன் முன் சீட்டிலேயே கிடக்கும், வேன் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.